பத்தொன்பதாம் நம்பர் சுவர்

இல்ல அண்ணாச்சி, பையை மேல வைக்க வேண்டாம், மடியிலயே இருக்கட்டும். உள்ள ஐகோர்ட் ஆர்டர் இருக்கு, மடங்கிரும். நீங்க எங்க எறங்கணும்? கோவில்பட்டியா? அப்ப ரெண்டு மணி நேரம் இருக்கு. நல்லதாப் போச்சு. இன்னிக்கு யார்ட்டயாவது சொல்லாட்டா எனக்கு நெஞ்சடைச்சிரும்.

என் பேரு சங்கரபாகம். மேலக்கரம்பை பேரூராட்சியில செயல் அலுவலர். இப்ப அந்தப் பதவியில இருக்கேனா இல்லியான்னு கேட்டா எனக்கே சொல்லத் தெரியாது. அதைக் கடைசியில சொல்லுதேன். முதல்ல அந்தச் சுவரைச் சொல்லணும். பதினோரு அடி நீளம், நாலு அடி உயரம். முப்பத்தி நாலு வருஷ சர்வீஸ்ல எவ்வளவோ பாத்தாச்சு. ஒரு சுவர் என்னைப் போட்டு இந்தப் பாடு படுத்தும்னு நினைக்கவே இல்ல. அதுலயும் இல்லாத சுவர்.

சிரிக்காதீங்க. கேளுங்க.

நாலு வருஷத்துக்கு மேல இருக்கும். ரோட்டு ஆக்கிரமிப்பு எத்தனை இருக்குன்னு கலெக்டர் ஆபீஸ்ல இருந்து கடிதம். ஒரு வாரத்துக்குள்ள பட்டியல் வேணுமாம். எங்க ஆபீஸ்ல பணி மேற்பார்வையாளர் உலகநாதன்னு ஒருத்தன். அவன் ரெண்டு நாள் வெயில்ல அலைஞ்சு ஒரு பட்டியல் எழுதிட்டு வந்தான். படிக்கட்டு, தகரக் கூரை, கடைக்கு முன்னால போட்ட கல்லு, இப்படி மொத்தம் இருபத்தி மூணு. அதுல பத்தொன்பதாவது, தபால் ஆபீஸ் தெரு, ஞானப்பூ, மாவு மில், முன்பக்கச் சுற்றுச்சுவர், பதினோரு அடிக்கு நாலு அடி. நான் கையெழுத்துப் போட்டேன். அன்னிக்கே மேல போயிட்டு.

அப்புறம் இருபத்தி மூணு பேருக்கும் நோட்டீஸ். ஒரு மாசத்துல இருபத்தி ரெண்டு பேரு எடுத்துட்டாங்க. பாக்கி பத்தொன்பது மட்டும். அங்க இருந்து நோட்டுத்தாளைக் கிழிச்சு எழுதி ஒரு பதில் வருது. "ஐயா, என் மில் முன்னால் சுவர் எதுவும் கிடையாது. ஆகையால் இடிக்க இயலவில்லை என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்."

உலகநாதனைக் கூப்பிட்டுக் கேட்டேன். தலையைச் சொறியுதான். "சார், ஒரு சுவர் பாத்தது நிஜம். எந்தத் தெருவுலன்னுதான் ஞாபகம் வரலை. வெயில்ல மாத்தி எழுதிட்டேன் போல. பேசாம பத்தொன்பதை அடிச்சிருவோமா சார்?"

அடிச்சிருவோமாங்கான்! பட்டியல் மேல போயாச்சு. இருபத்தி மூணுன்னு கலெக்டர் ஆபீஸ் பதிவுல ஏறியாச்சு. இப்ப இருபத்தி ரெண்டுன்னா, மீதி ஒண்ணு எங்கன்னு கேப்பாங்களா மாட்டாங்களா? நீங்களே சொல்லுங்க. எனக்கு முன்னால அந்த நாற்காலியில ஒன்பது பேரு இருந்திருக்காங்க. "நாங்க தப்பா எழுதிட்டோம்"னு ஒரு கடிதம் அந்த ஆபீஸ்ல இருந்து மேல போனதா சரித்திரம் இல்ல. என் காலத்துலயா போகணும்?

ஆர்டர் போட்டேன். சுவரை அகற்றவும், அகற்றும் வரை மில்லுக்குத் தொழில் உரிமம் புதுப்பிக்கப்பட மாட்டாது. உரிமம் இல்லாம மோட்டார் ஓடக்கூடாது, சட்டம் அப்படி. மில்லைப் பூட்டி சீல் வச்சோம். எனக்கு அந்த ஞானப்பூ அம்மா மேல ஒரு கோவமும் கிடையாது அண்ணாச்சி. மூஞ்சியைக்கூடப் பாத்ததில்ல.

அந்தம்மா நேரா மதுரை ஐகோர்ட்டுக்குப் போயி ரிட் போட்டுட்டாங்க. மாவு அரைக்கிறவங்க ரிட் போடுவாங்கன்னு யாரு நினைச்சா? யாரோ வக்கீல், காசு வாங்காம செஞ்சு கொடுத்திருக்காரு. ரெண்டு மாசத்துல ஆர்டர் வந்துட்டு. மனுதாரரை நேர்ல கூப்பிட்டு விசாரிக்காம முடிவெடுத்தது தப்பு, உத்தரவு ரத்து, நேர்ல விசாரிச்சு எட்டு வாரத்துல சட்டப்படி புது உத்தரவு போடணும். இம்புட்டுதான்.

நான் ஆர்டரை மூணு தடவை படிச்சேன். சுவர் இல்லைன்னு எங்கயாவது இருக்கான்னு பாத்தேன். ஒரு வரி இல்ல. எங்க அரசு வக்கீல்ட்டயும் கேட்டேன். அவரு பொறுமையா விளக்கினாரு. "சார், கோர்ட் உங்க முடிவு சரியா தப்பான்னு பாக்காது. முடிவெடுத்த முறை சரியான்னுதான் பாக்கும்." எனக்கு மனசுல ஒரு பாரம் இறங்கின மாதிரி இருந்துச்சு. முறைதானே? முறையில நம்மள மிஞ்ச ஆளு உண்டா?

நேர்ல கூப்பிட்டேன். அன்னிக்குத்தான் அந்தம்மாவை முதல் தடவை பாக்கேன். நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். ஒல்லியான உடம்பு. கண்ணு ரெண்டும் செவசெவன்னு இருக்கு, தண்ணி வடியுது. எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டு. "அழாதீங்கம்மா, உக்காருங்க"ன்னு நாற்காலி போடச் சொன்னேன். ஃபேனையும் அந்தப் பக்கம் திருப்பச் சொன்னேன்.

"அழலை சார். மொளகா வத்தப்பொடி. என் மில்லைப் பூட்டிட்டியள்லா, இப்ப ஆலங்குளத்துல ஒரு மில்லுல கூலிக்கு அரைக்கப் போறேன். அங்கன ஜன்னல் கிடையாது."

"சரிம்மா. சுவரைப் பத்தி என்ன சொல்லுதீங்க?"

"சுவரே இல்லியே சார். எதை இடிக்கச் சொல்லுதிய? ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்களேன். நடந்தா அஞ்சு நிமிஷம்."

அஞ்சு நிமிஷம்தான். ஆனா கோர்ட் நேர்ல விசாரிக்கத்தான் சொல்லியிருக்கு, நேர்ல போயி பாக்கச் சொல்லல. சொல்லாததைச் செஞ்சா அதுவும் ஒரு குத்தமா வந்து நிக்கும். விசாரணைக் குறிப்பு எழுதினேன். "மனுதாரர் நேரில் ஆஜராகி, சுவர் இல்லை எனத் தெரிவித்தார். அன்னாரது கூற்று ஏற்கத்தக்கதாக இல்லை." அந்தம்மா கையெழுத்தும் வாங்கிக்கிட்டேன். பழைய உத்தரவையே தேதி மாத்திப் போட்டேன்.

திரும்ப மதுரை. திரும்ப ரத்து. இந்தத் தடவை காரணம் என்னன்னா, ஏத்துக்க முடியாதுன்னு சொன்ன அதிகாரி ஏன் ஏத்துக்க முடியாதுன்னு காரணம் எழுதலையாம். காரணங்களோட விரிவான உத்தரவு போடணுமாம்.

அண்ணாச்சி, அந்த உத்தரவை எழுதினேன் பாருங்க, ரெண்டு ஞாயித்துக்கிழமை உக்காந்து எழுதினேன். என் சர்வீஸ்லயே அப்படி ஒண்ணு எழுதினதில்ல. நாலு பக்கம். ஒவ்வொரு காரணமா மனப்பாடமா சொல்லுவேன். ஒண்ணு, அரசுப் பட்டியல்ல சுவர் இருக்கு. பட்டியல் அரசு ஆவணம். ரெண்டாவது, மில்லு மேற்குப் பாத்தது. சாயங்கால வெயில் நேரா அடிக்கும். மேற்குப் பாத்த வீட்டுக்காரங்க முன்னால ஒரு மறைப்பு வைக்கிறது வழக்கம். மூணாவது, மனுதாரர் கோழி வளர்க்கிறார். கோழி வளர்க்கிறவங்களுக்குச் சுவர் அவசியம். நாலாவதுதான் முக்கியம். மனுதாரர் தன்னோட பிரமாண வாக்குமூலத்துல "சுவர்"ங்கிற வார்த்தையைப் பதினேழு இடத்துல பயன்படுத்தியிருக்கார். இல்லாத ஒண்ணைப் பத்தி ஒருத்தர் பதினேழு தடவை பேச வேண்டிய தேவை என்ன?

அரசு வக்கீல் போன்ல படிச்சுக் காமிக்கச் சொல்லிக் கேட்டாரு. அப்புறம், "காரணம் இருக்கு சார். காரணம் இல்லைன்னு யாரும் சொல்ல முடியாது"ன்னாரு. எனக்கு அந்த வார்த்தை போதும்.

அந்தம்மா மூணாவது தடவை போனாங்க. இந்தத் தடவை கோர்ட், இவ்வளவு எழுதின அதிகாரி ஏன் இடத்தைப் பாக்கலைன்னு கேட்டுச்சு. நியாயமான கேள்விதான். மனுதாரர் முன்னிலையில ஸ்தல ஆய்வு செஞ்சு, அறிக்கை வாங்கி, அதன் பிறகு முடிவெடுக்கணும். பன்னிரண்டு வாரம்.

எனக்கு அந்த வாரம் வரிவசூல் கூட்டம். உலகநாதனை டேப்போட அனுப்பினேன். போன வேகத்துல திரும்பி வந்து நிக்கான்.

"என்னல, அளந்தியா?"

"சார், அளக்கதுக்குச் சுவர் இல்ல சார்."

"உன்னை அளக்கத்தானே அனுப்பினேன்? இருக்கா இல்லியான்னு பாக்கவா அனுப்பினேன்?"

"டேப்பை எங்க பிடிக்கது சார்? அந்தக்காவும் கூடவே நிக்கிது. 'அண்ணே, எந்த முனையில பிடிக்கட்டும்?'னு கேக்கிது. தெருவே வேடிக்கை பாக்குது."

பொய் எழுத எனக்குப் பிடிக்காது. அறிக்கையில உள்ளதைத்தான் எழுதச் சொன்னேன். "ஸ்தலத்தில் சுவரை அளவெடுக்க இயலாத சூழ்நிலை நிலவியது." இதுல ஒரு எழுத்துப் பொய் உண்டா? அதை வச்சு நாலாவது உத்தரவு போட்டேன்.

நாலாவது ரிட்டுல நான் ஜெயிச்சேன். நோட்டீஸ் கொடுத்தாச்சா, கொடுத்தாச்சு. நேர்ல கேட்டாச்சா, கேட்டாச்சு. காரணம் எழுதியாச்சா, நாலு பக்கம். ஆய்வு பண்ணியாச்சா, பண்ணியாச்சு. முறை எல்லாம் பின்பற்றப்பட்டிருக்கு, சுவர் இருக்கா இல்லையாங்கிறது உண்மை சம்பந்தப்பட்ட விஷயம், அதுக்குள்ள ரிட் கோர்ட் போகாது, மனுதாரர் ஆக்கிரமிப்பை அகற்றினா ரெண்டு வாரத்துல உரிமத்தைப் பரிசீலிக்கணும், மனு முடித்து வைக்கப்படுது. அந்த ஆர்டரை எங்க மாவட்டத்துச் செயல் அலுவலர்கள் வாட்ஸப் குரூப்புல போட்டேன். பதினாலு பேரு கைதட்டு அனுப்பினாங்க. எங்க வீட்டம்மா பிரபாவதி மட்டும் கேட்டா, "அப்ப அந்தப் பொம்பளை இல்லாத சுவரை எப்படிங்க இடிக்கும்?" வீட்டுல இருக்கிறவங்களுக்கு நிர்வாகம் புரியாது.

அடுத்த வாரம் அந்தம்மா ஆபீசுக்கு வந்தாங்க. எனக்கு ஜெயிச்ச சந்தோஷம், டீ சொன்னேன். குடிக்கலை.

"சார், எங்க தெருவுல இருந்து பொம்பளையள் மாவரைக்கத் தூக்குவாளியத் தூக்கிக்கிட்டு மூணு கிலோமீட்டர் நடக்காவ. எம்மவ ப்ளஸ் டூ முடிச்சிட்டு வீட்டுல இருக்கா. எனக்கு மில்லு வேணும். நீங்க என்ன சொல்லுதியளோ அதைச் செய்யுதேன். சுவரை எடுத்துட்டேன்னு எழுதித் தரட்டா?"

எனக்கு உண்மையிலேயே இரக்கமா இருந்துச்சு. "எழுதிக் கொடுத்தா மட்டும் போதாதும்மா. ஆதாரம் வேணும். இடிக்கதுக்கு முன்னால ஒரு போட்டோ, இடிச்ச பிறகு ஒரு போட்டோ. மத்த இருபத்தி ரெண்டு பேருக்கும் அப்படித்தான் கோப்பு முடிச்சிருக்கு."

"இடிச்ச பிறகு உள்ள போட்டோவை இப்பவே எடுத்துரலாம் சார்."

"முன்னால உள்ளது வேணுமேம்மா."

சரின்னு எந்திரிச்சுப் போயிட்டாங்க.

சனிக்கிழமை உலகநாதன் போன் பண்ணுதான். "சார், தபால் ஆபீஸ் தெருவுல செங்கல் இறங்குது." அந்தம்மாவோட தம்பி கொத்தனாராம். ஞாயித்துக்கிழமை காலையில ஆரம்பிச்சு சாயங்காலத்துக்குள்ள சுவரை எழுப்பிட்டான். எங்க பட்டியல்ல என்ன அளவோ அதே அளவு, பதினோரு அடி, நாலு அடி. உலகநாதன் போயி நின்னு டேப்பைப் பிடிச்சிருக்கான். அளவு சரியா வந்ததும் அவனுக்குக் கண்ணு கலங்கிட்டுதாம். சின்னப் பிள்ளைங்க ஏறி உக்காந்து விளையாடுது. ஒரு சேவல் ஏறி நிக்கிது. எதிர்வீட்டு ஆளு, "நல்லாத்தான் இருக்கு, இடிக்க வேண்டாமே, சாயங்காலம் உக்காந்து பேசலாம்"னாராம். போட்டோ எடுத்தாங்க. திங்கக்கிழமை காலையில அந்தம்மாவே கடப்பாரையை எடுத்து இடிச்சிட்டாங்க. களிமண் வச்சுக் கட்டினது, மெதுவா விழுந்துட்டுதாம். ரெண்டாவது போட்டோ.

இதுல ஒரு விஷயம் உங்களுக்குச் சொல்லணும். அனுமதி வாங்காம ரோட்டுல சுவர் கட்டுறது குத்தம். நான் நினைச்சிருந்தா அதுக்குத் தனியா ஒரு நோட்டீஸ் விட்டிருக்கலாம். உலகநாதன்கூட, "சார், இதுக்கு என்ன பண்ண?"ன்னு கேட்டான். போட்டும்னு விட்டேன். நானும் மனுஷன்தானே.

அன்னிக்கே சான்று எழுதினேன். "பத்தொன்பதாவது ஆக்கிரமிப்பு முழுமையாக அகற்றப்பட்டது." உரிமமும் கொடுத்தேன். இருபத்தி மூணுக்கு இருபத்தி மூணு. கோப்பை முடிச்சு மேல அனுப்பின அன்னிக்கு ராத்திரி எனக்கு வந்த தூக்கம் இருக்கே, அது மாதிரி அப்புறம் வரவே இல்ல.

எங்க மாவட்டப் பேரூராட்சிகளுக்கு எல்லாம் மேலதிகாரியா புதுசா ஒரு உதவி இயக்குநர் வந்தாரு. சின்ன வயசு. பழைய கோப்பை எல்லாம் ஒண்ணுவிடாம படிக்கிற ஆளு. அவரு கண்ணுல இந்தப் பட்டியல் பட்டிருக்கு. இருபத்தி ரெண்டு ஆக்கிரமிப்பு ஒரு மாசத்துல எடுத்தாச்சு. ஒண்ணு மட்டும் ரெண்டு வருஷம் பத்து மாசம் நின்னிருக்கு. ஏன்?

கோர்ட்ல கேஸ் இருந்துச்சுன்னு பதில் எழுதினேன். தடை உத்தரவு இருந்துச்சான்னு கேட்டாரு. இல்ல. கோர்ட் ஒரு தடவைகூட தடை கொடுக்கலை. அப்ப நீங்க ஏன் இடிக்கலைன்னாரு. இல்லாததை எப்படி இடிக்கன்னு எழுதவா முடியும் அண்ணாச்சி?

அந்த மே மாசம் கடைசி நாள் நான் ரிட்டயர் ஆகணும். ஆபீஸ்ல விழா. ஷாமியானா போட்டு, கேசரி கிண்டி, வீட்டம்மா பட்டுச்சேலை கட்டி வந்து உக்காந்திருக்கா. மாலையை உலகநாதன் கையில வச்சிருக்கான். பேரூராட்சித் தலைவர் என்னைப் பத்திப் பேசிக்கிட்டு இருக்காரு, "அப்பழுக்கற்ற அதிகாரி"ன்னு. அப்ப உதவி இயக்குநர் ஆபீஸ்ல இருந்து கம்ப்யூட்டர்ல ஒரு மெயில் வருது. தற்காலிகப் பணிநீக்கம், ஓய்வு பெற அனுமதி இல்லை. ஆக்கிரமிப்பாளருக்குச் சாதகமா சுவரை அகற்றாம காலம் தாழ்த்தினதா குற்றச்சாட்டு. மாலையை என்ன செய்யன்னு உலகநாதன் கேக்கான். போட்டா ரிட்டயர் ஆனதா ஆயிரும், வேண்டாம்னு சொல்லிட்டேன். கேசரியை மட்டும் எல்லாரும் சாப்பிட்டாங்க.

அன்னில இருந்து நான் வேலையிலயும் இல்ல, ஓய்விலயும் இல்ல. மக கல்யாணப் பத்திரிகையில என் பேருக்குக் கீழ என்ன போடன்னு அச்சாபீஸ்காரன் கேட்டான். ஒண்ணும் போடாதேன்னுட்டேன். வீட்டம்மா ஒரு வாரம் என்கூட சரியாப் பேசல.

விசாரணை வச்சாங்க. ரொம்ப முறையா வச்சாங்க, அதைச் சொல்லணும். எனக்கு நாற்காலி போட்டாங்க. நான் உண்மையைச் சொல்லிட்டேன். "சார், சுவரே இல்ல. பட்டியல்ல தவறுதலா வந்துட்டு." விசாரணை அதிகாரி என் நாலு பக்க உத்தரவை எடுத்து வாசிக்காரு. மேற்குப் பாத்த வீடு, கோழி, பதினேழு இடத்துல சுவர். ஒவ்வொண்ணா வாசிச்சு, "இது உங்க கையெழுத்துதானே?"ங்காரு. அப்புறம் ரெண்டு போட்டோவையும் பக்கத்துல பக்கத்துல வைக்காரு. ஒண்ணுல சுவர், மேல சேவல். இன்னொண்ணுல இல்ல.

"சுவர் இல்லைன்னா, அகற்றினதா ஏன் சான்று கொடுத்தீங்க? சுவர் இருந்துச்சுன்னா, ஏன் மூணு வருஷம் விட்டீங்க? ரெண்டுல எது?"

"சார், அந்தச் சுவர் இடிக்கதுக்காகக் கட்டினது."

அவரு பேனாவைக் கீழ வச்சுட்டாரு. "மிஸ்டர் சங்கரபாகம், நீங்க நிதானமா யோசிச்சுப் பதில் சொல்லுங்க. அவசரமில்ல"ன்னாரு.

அப்புறம்தான் அண்ணாச்சி, முதல் தடவையா நான் தபால் ஆபீஸ் தெருவுக்குப் போனேன். சாட்சி தேடிப் போனேன். அஞ்சு நிமிஷம்கூட ஆகலை, மூணு நிமிஷம்தான். மில்லு முன்னால தரையில பதினோரு அடிக்கு ஒரு செம்மண் கோடு தெரியுது, அஸ்திவாரம் இருந்த தடம். தெருக்காரங்க ஒவ்வொருத்தரா கேட்டேன். "இங்க சுவர் இருந்துச்சா?" எல்லாரும் ஒரே மாதிரி சொல்லுதாங்க. "இருந்துச்சே சார். அருமையான சுவர். பேரூராட்சியில இடிக்கச் சொல்லிட்டாங்க." எதிர்வீட்டுக்காரரு எங்கிட்டயே வருத்தப்படுதாரு, அதை இடிச்சிருக்கக் கூடாதுன்னு.

மில்லு ஓடிக்கிட்டு இருந்துச்சு. பொம்பளைங்க வரிசையில நிக்காங்க. மக கல்லாவுல உக்காந்திருக்கு. அந்தம்மா என்னைப் பாத்ததும் மோட்டாரை நிறுத்திட்டு, முந்தானையால முகத்தைத் துடைச்சுக்கிட்டு வெளிய வந்தாங்க. ஸ்டூலைப் போட்டாங்க. நான் விஷயத்தைச் சொன்னேன். இந்த ஊர்ல சுவர் இல்லைன்னு ஆரம்பத்துல இருந்து சொன்ன ஒரே ஆளு நீங்கதான், அதையே ஒரு பத்திரத்துல எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணும்னு கேட்டேன். கெஞ்சினேன்னே வச்சுக்கோங்க.

அந்தம்மா சுவத்துல மாட்டியிருந்த கண்ணாடி ஃபிரேமைக் காமிச்சாங்க. உரிமம். பக்கத்துல நான் கொடுத்த சான்றையும் லேமினேட் பண்ணி மாட்டியிருக்காங்க.

"சார், ஆக்கிரமிப்பு அகற்றப்பட்டதுன்னு இருக்கு, அதனாலதான் உரிமம் இருக்கு. இப்ப சுவரே இல்லைன்னு எழுதிக் கொடுத்தா, அப்ப நான் எதை அகத்தினேன்னு கேப்பாவ. பொய்ச் சான்று வச்சு உரிமம் வாங்கினேன்னு மில்லைப் பூட்டுவாவ. பூட்டுவாவளா மாட்டாவளா, நீங்களே சொல்லுங்க. நீங்கதானே அங்கன இருந்தவிய?"

யோசிச்சுப் பாத்தேன். பூட்டுவாங்க. நானா இருந்தா கண்டிப்பா பூட்டியிருப்பேன்.

"பூட்டுவாங்கம்மா"ன்னேன்.

"உங்களுக்காக வருத்தமாத்தான் இருக்கு சார்"னு சொன்னாங்க. நான் கிளம்பும்போது ஒரு கிலோ கோதுமை மாவை மஞ்சப்பையில போட்டுக் கையில கொடுத்தாங்க. வேண்டாம்னேன். "இப்பதான் நீங்க அதிகாரி இல்லியே, வாங்கிக்கிடலாம்"னாங்க. அதுவும் சரியான்னு தெரியல. வாங்கிக்கிட்டேன்.

குற்றச்சாட்டு நிரூபணம்னு அறிக்கை போயி, உதவி இயக்குநர் என்னை ஒரேயடியா வேலையை விட்டு நீக்கி உத்தரவு போட்டுட்டாரு. பென்ஷன் கிடையாது. நான் ரிட் போட்டேன். ஒரு வருஷம் நடந்துச்சு. என் வக்கீல் முதல் நாளே சொல்லிட்டாரு, "சுவரைப் பத்திப் பேசாதீங்க சார், கோர்ட் அதுக்குள்ள போகாது"ன்னு. எனக்குத் தெரியாததா? ஆனா வயிறு எரிஞ்சுது. எவ்வளவு பெரிய அநியாயம் பாருங்க. ஒருத்தன் வாழ்க்கையே இல்லாத ஒரு சுவர்ல போயி முட்டி நிக்கிது, அது இருந்துச்சா இல்லியான்னு பாக்க ஒரு ஆளு கிடையாது இந்த நாட்டுல! முறை, முறைன்னு முறையையே பாத்துக்கிட்டு இருந்தா மனுஷன் என்ன ஆகுதது? இதைக் கேக்க ஒரு நாதி இல்லியான்னு எத்தனை நாள் புலம்பியிருக்கேன் தெரியுமா? என் நிலைமை வேற ஒருத்தருக்கு வந்திருந்தாத்தான் தெரியும்.

இன்னிக்குத் தீர்ப்பு. காலையில பதினொண்ணரைக்குக் கூப்பிட்டாங்க. ஏழு நிமிஷம். விசாரணை அறிக்கையோட நகலை எனக்குக் கொடுக்காம தண்டனை கொடுத்திருக்காங்க, அது தப்பு, நீக்கின உத்தரவு ரத்து! நகலைக் கொடுத்து, என் விளக்கத்தை வாங்கி, பன்னிரண்டு வாரத்துல சட்டப்படி புது உத்தரவு போடணும். இந்தா பாருங்க, இந்த வரி. "ரத்து செய்யப்படுகிறது." விரலை வச்சுப் பாருங்க. கண்ணீர் வந்துட்டு அண்ணாச்சி. வக்கீல் கையைப் பிடிச்சுக் குலுக்கினேன். அவரு என்னமோ சொல்ல வந்தாரு, அதுக்குள்ள அடுத்த கேஸுக்குக் கூப்பிட்டுட்டாங்க.

வெளிய வந்து மரத்தடியில நின்னு, யாருக்குச் சொல்லன்னு பாத்தேன். வீட்டம்மாவுக்குத்தான் முதல்ல சொல்லணும். கை என்னமோ ஞானப்பூ அம்மா நம்பரைப் போட்டுட்டு. மில்லு சத்தம் கேக்குது, அப்புறம் மோட்டாரை நிறுத்துதாங்க. நான் சொன்னேன், "அம்மா, ரத்து ஆயிட்டு!"

"அப்படியா சார். எத்தனை வாரம் கொடுத்திருக்காவ?"

"பன்னிரண்டு வாரம்."

"புது ஆர்டரு யாரு போடணும்?"

"அதே உதவி இயக்குநர்தான்மா. நல்ல மனுஷன். படிச்சவரு. இந்தத் தடவை என் விளக்கத்தைப் பாத்தா அவருக்கே புரிஞ்சிரும்."

அப்புறம் சொல்லுதாங்க, "சார், அடுத்த தடவை மதுரைக்குப் போறப்ப அஞ்சரை பஸ்ஸைப் பிடிச்சிருங்க. ஒன்பதரைக்குள்ள போயிட்டா கோர்ட் வராண்டாவுல ஃபேனுக்கு நேரா பெஞ்சு கிடைக்கும். சோறு கட்டிக்கிட்டுப் போயிருங்க, மத்தியானம் கேன்டீன்ல கூட்டம் தாங்காது."

எனக்கு ஒண்ணும் புரியல அண்ணாச்சி. அடுத்த தடவையா? உத்தரவே ரத்து ஆயிட்டு, எழுத்துல இருக்கு, கையில இருக்கு. இனி நான் எதுக்கு மதுரைக்கு வரப் போறேன்? பாவம், மில்லு சத்தத்துல நான் சொன்னது அந்தம்மாவுக்குச் சரியாக் கேக்கலை போல.